உராகாமியின் இரு மணிகள்

கியூஷு தீவின் மேற்குக் கோடியில், மூன்று பக்கமும் மலைகள் நெருக்கி நிற்க, நிலத்தினுள் நீண்டு புகுந்த கடற்கழியின் கரையில் அமைந்திருக்கிறது நாகசாகி நகரம். செபமாலை மாதமாகிய அக்டோபரில், 2025-ஆம் ஆண்டு, சிறியதொரு யாத்திரைக் குழுவுடன் அந்நகரைக் காணும் பேறு நமக்குக் கிட்டியது. ஃபுக்குவோக்கா நகரின் ஹக்காத்தா நிலையத்தில் புகைவண்டி ஏறினோம். புகையே இல்லாத அவ்வண்டியைப் புகைவண்டி என்று அழைப்பது தகுமோ, அறியோம். பழகிய சொல் வாயில் வந்துவிடுகிறது. தக்கெயோ-ஒன்சென் எனும் ஊரில் இறங்கி, அதே மேடையின் எதிர்ப்புறத்தில் காத்து நிற்கும் அதிவேக வண்டிக்கு மாற வேண்டும். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட அப்பாதையின் பெரும்பகுதி மலைச் சுரங்கங்களூடே செல்கிறது. ஒளியும் இருளும் மாறி மாறி வந்துகொண்டிருக்க, செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் முடிக்குமுன் நாகசாகி வந்துவிட்டது.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே தெரியும் சிறு குன்று நிஷிசாக்கா. 1597-ஆம் ஆண்டு பெப்ருவரி 5-ஆம் நாள் இருபத்தாறு வேதசாட்சிகள் சிலுவையில் அறையுண்டு உயிர்துறந்த இடம் அதுவே. 1962-இல் எழுப்பப்பட்ட நினைவுச் சுவரில் இருபத்தாறு வெண்கல உருவங்களும் வரிசையாக, தரையில் பாதம் பதியாமல், விண்ணோக்கி எழுவன போல் நிற்கின்றன. அவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். பம்பாய்க்கு அண்மையிலுள்ள வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. இந்திய மண்ணில் பிறந்தவர்களுள் முதன்முதல் புனிதர் பட்டம் பெற்றவர் அவரே என்பதை நம் பங்கு மக்களுள் எத்தனை பேர் அறிவர்? மற்றொருவர் பன்னிரண்டே வயதுச் சிறுவன். அச்சிறுவனின் உருவத்தின் முன் நாம் சற்று அதிக நேரம் நின்றோம்.

நமது முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வெயிலிலும் மணலிலும் நடந்து ஞானஸ்நானம் கொடுத்த புனித சவேரியார்தாம் 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, இந்நாட்டில் கால்வைத்தவர். அவர் இறங்கிய ககோஷிமா துறைக்குத் தெற்கே தனெகஷிமா எனும் தீவு ஒன்று உண்டு. போர்த்துக்கீசியர் 1543-இல் அங்கு வந்திறங்கியபோது அவர்களிடமிருந்து சப்பானியர் முதன்முதலாகப் பெற்றது துப்பாக்கி. நற்செய்திக்கு ஆறு ஆண்டுகள் முன்னரே வெடிமருந்து வந்து சேர்ந்துவிட்டது. இதைச் சொல்லும்போது வரலாற்றாசிரியர் எவரும் புன்னகை செய்வதில்லை, நாமும் செய்யவில்லை.

நாம் இந்நகரைக் காண விரும்பியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனை மறைக்காமல் கூறிவிடுவது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் தெற்கே ஒரு கடற்கரைப் பங்கில் குருவாகப் பணியாற்றி வந்தோம். கூடங்குளத்தில் அணு உலை எழும்பிய காலம் அது. 2011-ஆம் ஆண்டில், இடிந்தகரை லூர்து அன்னை ஆலயத்தின் முன் பந்தலிட்டு, ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நோன்பிருந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த முதிய மீனவர் ஒருவர் கோயில் திண்ணைக்கு வந்தார். வலையில் மீன் அகப்படுவது போல் ஆளை அகப்படுத்தும் கேள்விகளைக் கேட்பவர் அவர். “சாமி, அந்த உலை நல்லதா, கெட்டதா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க” என்றார். நாம் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றவர்கள். அறநெறி நூலில் இருவிளைவுக் கோட்பாட்டிற்குத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர்கள். ஆயினும் அன்று நமக்கு விடை வரவில்லை. மின்சாரத்தின் தேவையைப் பற்றிச் சிறிது சொன்னோம். ஆபத்தைப் பற்றிச் சிறிது சொன்னோம். ஞாயிறு மறையுரையிலும் அதையே செய்தோம். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி சாமி” என்று எழுந்து போனார். அந்தச் “சரி” நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அடுத்த ஆண்டு அவருடைய மனைவிக்கு மார்பில் கட்டி கண்டது. அறுவை செய்தபின், கதிர்வீச்சுச் சிகிச்சையும் வேண்டுமென்று மருத்துவர் கூறினார். நம் மக்கள் இதனைக் ‘கரண்டு வைப்பது’ என்பார்கள். ஆனால் பெரியவர் எப்படியோ விசாரித்து அறிந்துவிட்டார். மறுபடியும் திண்ணைக்கு வந்தார். “சாமி, அது கரண்டு இல்லையாம். அந்த உலையில வர்ற சங்கதியும் இதுவும் ஒரே சாதியாமே? அதை எம் பொஞ்சாதி மேல வைக்கச் சொல்லுதாங்க” என்றார். அவர் கூறியதில் பிழையில்லை. அம்மருத்துவமனையில் அக்காலத்திலிருந்தது கோபால்ட் இயந்திரம். அதனுள் இருக்கும் கோபால்ட்-60 என்னும் பொருள் இயற்கையில் கிடைப்பதன்று. அணு உலையினுள் வைத்துச் சமைக்கப்படுவது. நம் நாட்டில் இராஜஸ்தானத்து அணு உலைகளில் அது உருவாகிறது. அன்று நாம் தயங்கவில்லை. கூட்டிப் போங்கள் என்று வற்புறுத்தினோம். நாமே உடன் சென்றோம். அம்மையார் பிழைத்தார். ஆனால் நமக்குள் ஒரு குழப்பம் தங்கிவிட்டது. உலைக்கு விடை சொல்ல நாவெழாத நாம், இயந்திரத்திற்கு எவ்வாறு அத்தனை உறுதியாக விடை சொன்னோம்? இந்தக் கேள்வியையும் பயணப் பையில் வைத்துக்கொண்டுதான் நாகசாகியில் இறங்கினோம்.

நகரின் வடபகுதியில் இருப்பது உராகாமி. டிராம் வண்டியில் ஏறினால் கால்மணி நேரத்தில் சென்றுவிடலாம். உராகாமி வேதத்தின் விளைநிலம். 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட பின், குருக்களின்றி, திருப்பலியின்றி, ஞானஸ்நானத்தையும் செபங்களையும் மட்டும் தாயிடமிருந்து பிள்ளைக்கென ஏழு தலைமுறைகள் மறைவில் காத்து வந்தவர்கள் இவ்வூர் உழவர்கள். 1865-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள், வெளிநாட்டவருக்கெனக் கட்டப்பட்டிருந்த ஊரா ஆலயத்திற்கு வந்து, பிரெஞ்சுக் குருவாகிய பெத்திஜான் அடிகளாரிடம் தங்கள் விசுவாசத்தை மெல்ல வெளிப்படுத்தி, மரியன்னையின் திருவுருவம் எங்கே என்று கேட்டவர்களும் இவர்களே. அதற்காக 1868 முதல் 1873 வரை மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டு வெவ்வேறு மாநிலங்களுக்கு நாடு கடத்தப்பட்டனர். அறுநூற்றுக்கும் அதிகமானோர் திரும்பி வரவில்லை.

திரும்பி வந்தவர்கள் செய்த செயல் ஒன்று நம்மை உருக்கியது. ஆண்டுதோறும் தங்கள் முன்னோர்களை வரிசையில் நிறுத்தி, ஆண்டவரின் படத்தையோ அன்னையின் படத்தையோ காலால் மிதிக்கச் செய்த கிராமத் தலைவரின் வீடு இருந்த மனையையே விலைகொடுத்து வாங்கினார்கள். அதன்மேல் 1895-இல் அடித்தளமிட்டு, செங்கல் செங்கலாக அடுக்கி, 1914-இல் ஆலயத்தை முடித்தார்கள். 1925-இல் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மணி தொங்கிற்று. கீழ்த்திசை நாடுகளில் அதற்கிணையான பெரிய ஆலயம் அந்நாளில் அரிது.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் காலை பதினொன்று மணி இரண்டு நிமிடத்திற்கு அவ்வாலயத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் தொலைவில், ஐந்நூறு மீட்டர் உயரத்தில், அணுகுண்டு வெடித்தது. குண்டைச் சுமந்து வந்த விமானத்தின் முதற்குறி வேறு ஊர், கொக்குரா. அங்கு வானம் தெளிவாக இல்லாமையால் நாகசாகிக்குத் திரும்பினார்கள். இங்கும் முகில். முகிலினூடே ஒரு வழி திறந்தபோது கீழே தெரிந்தது உராகாமி. அக்குண்டினுள் இருந்த புளூட்டோனியம் ஆறு கிலோ அளவே. நம் கிராமக் கோயில்களில் பூசைக்கு அடிக்கும் மணி அதைவிடக் கனமாயிருக்கும். அதன் ஆற்றலோ இருபத்தோராயிரம் டன் வெடிமருந்துக்கு ஈடாக இருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தோர் எழுபத்து நாலாயிரம் பேரளவில். உராகாமியின் கத்தோலிக்கர் பன்னீராயிரம் பேருள் எண்ணாயிரத்து ஐந்நூறு பேர் மாண்டனர். ஆலயத்தினுள் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த குருக்கள் இருவரும், காத்திருந்த விசுவாசிகளும் ஆலயத்தோடு அழிந்தனர். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பல ஆண்டுகள் கழித்த நமக்கு இந்தச் செய்தியைக் கடந்து செல்வது எளிதாக இல்லை.

குண்டு வெடித்த இடத்தில் இன்று ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. அருகே பழைய ஆலயத்தின் சுவர்த்துண்டு ஒன்றைக் கொணர்ந்து நிறுத்தியிருக்கிறார்கள். கண்காட்சிச் சாலையில் 11.02-இல் நின்றுபோன சுவர்க் கடிகாரத்தையும், உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடிக் குப்பிகளையும், வெப்பம் தின்ற செபமாலைகளையும் கண்டோம். இவற்றை விரித்து எழுத மனம் ஒப்பவில்லை. புதிய ஆலயம் பழைய இடத்திலேயே 1959-இல் எழுந்தது. அதன் சிற்றாலயம் ஒன்றில் மரத்தாலான மரியன்னையின் தலை மட்டும் வைக்கப்பட்டுள்ளது. இடிபாடுகளிடையே கண்டெடுக்கப்பட்டது. கண்கள் இருந்த இடத்தில் கரிந்த குழிகள். நம் குழுவில் வந்த பெண்கள் அங்கே முழந்தாளிட்டவர்கள் நெடுநேரம் எழவேயில்லை.

ஆலயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஒரு குடில். நம் ஊர்க் காவற்காரர் குடிசையும் அதைவிடப் பெரிதாயிருக்கும். இரண்டே பாய் விரிக்கும் இடம். அதன் பெயர் ‘நியோக்கோதோ’. உன்னைப்போல உன் பிறரையும் நேசி என்னும் ஆண்டவரின் கட்டளையிலிருந்து எடுக்கப்பட்டு, ‘தன்னைப்போல’ எனப் பொருள்படும் பெயர். இங்கே படுக்கையில் கிடந்தபடி நூல்கள் எழுதி, 1951-ஆம் ஆண்டு மே முதல் நாளில் இறந்தவர் மருத்துவர் தக்காஷி நகாய். நாம் தேடி வந்த விடையின் ஒரு பாதியேனும் இக்குடிலில்தான் இருந்தது.

நகாய் 1908-இல் பிறந்தவர். நாகசாகி மருத்துவக் கல்லூரியில் கற்றபோது கடவுள் நம்பிக்கையற்றவராயிருந்தார். உராகாமியில் மோரியாமா குடும்பத்தாரின் வீட்டில் தங்கினார். மறைவுக் காலத்தில் கிறிஸ்தவர்களுக்குத் தலைமை தாங்கி வந்த வழியினர் அவர்கள். அக்குடும்பத்தின் விசுவாசம் அவரைத் தொட்டது. 1934-இல் ஞானஸ்நானம் பெற்றுச் சின்னப்பர் என்னும் பெயர் பூண்டார்; அவ்வாண்டிலேயே அவ்வீட்டு மகள் மிதோரியை மணந்தார். செவி ஒன்று நோயால் கேளாமற் போகவே, நெஞ்சொலி கேட்கும் மருத்துவத்தை விட்டு, அன்று புதிதாயிருந்த எக்ஸ்-ரே துறைக்குச் சென்றார்.

எக்ஸ்-ரேயின் கதையை இங்கே சற்று நினைவுகூர வேண்டும். 1895-ஆம் ஆண்டு நவம்பரில் செர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜன் அதனைக் கண்டறிந்தார். மனித குலம் முழுவதற்கும் பயன்பட வேண்டுமென்று காப்புரிமை பெற மறுத்தார். ஓராண்டுக்குள் உலகெங்கும் மருத்துவர்கள் அதனை எடுத்தாண்டனர். முறிந்த எலும்பைக் காட்டிய அதே கதிர், அதை இயக்கியவர்களின் விரல்களைத் தின்றது, இரத்தத்தைக் கெடுத்தது. 1936-இல் செர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு மருத்துவமனைத் தோட்டத்தில், இக்கதிரால் உயிரிழந்த மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் நினைவுக்கல் நாட்டியபோது அதில் 169 பெயர்கள் இருந்தன. மறுபுறம், அதே ஆண்டுகளில் மேலை நாடுகளின் செருப்புக் கடைகளில், சிறுவர்களின் கால் காலணிக்குள் பொருந்துகிறதா என்று வேடிக்கை காட்ட எக்ஸ்-ரே பெட்டிகளை வைத்திருந்தார்கள். உயிர்காக்கும் கதிரைக் கொண்டு செருப்பு விற்ற காலமும் இருந்தது! தீயவர்கள் கையில் சிக்கியதால்தான் ஒரு கருவி கெடும் என்பதில்லை. விளையாட்டுப் புத்தியும் போதும்.

நகாய் ஆபத்தை அறியாதவர் அல்லர். தம் துறையின் முன்னோடிகள் எவ்வாறு மாண்டனர் என்பதைக் கற்றவர். போர்க்காலத்தில் காசநோய் எங்கும் பரவியது. படச்சுருள் கிடைக்கவில்லை. ஆகவே நோயாளியைத் திரையின் பின் நிறுத்தி, தாமே நேருக்கு நேர் நின்று கண்ணால் பார்த்தே நோயைக் கண்டறிந்தார். ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேரை இவ்வாறு சோதித்தார். 1945-ஆம் ஆண்டு சூன் மாதம் அவருக்கு இரத்தப் புற்று எனக் கண்டார்கள். மூன்று ஆண்டுகளே உயிர் வாழலாம் என்றார்கள். அவர் மிதோரியிடம் சொன்னார். வாழ்வாயினும் சாவாயினும் இறைவனின் மகிமைக்கே என்று அவ்வம்மையார் அமைதியாக ஏற்றுக்கொண்டார். இதனை எழுதும்போதே நமக்கு ஓர் உறுத்தல் உண்டாகிறது. அவர் தம் உடலையே பணயம் வைத்தார் என்று புகழ்கிறோம்; ஆனால் மணமானவனின் உடல் அவனுடையது மட்டுமா? இரு சிறு பிள்ளைகளின் தகப்பன் அவர். அப்பணயத்தில் அவர்களுக்கும் பங்கிருந்தது.

இரண்டு மாதங்களில் குண்டு விழுந்தது. எழுநூறு மீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையில் அவர் தலையின் குருதிக்குழாய் அறுந்தது. இரத்தம் வழிய வழிய, நிற்க இயலாமற் போகும்வரை காயமுற்றோரைக் கவனித்தார். மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர், மாணவர், ஊழியர் ஏறத்தாழ 900 பேர் அழிந்தனர். பிள்ளைகள் இருவரும் பாட்டியுடன் மலைப்பக்கத்துக் கிராமத்தில் இருந்தமையால் பிழைத்தனர். சில நாள் கழித்து வீடிருந்த இடத்திற்குச் சென்றார். அடுக்களை இருந்த இடத்தில் மிதோரியின் எரிந்த எலும்புகள் கிடந்தன. அவற்றோடு செபமாலையும் கிடந்தது. மூன்றாண்டில் சாக வேண்டியவர் உயிருடன் நிற்க, அவரைப் பேண வேண்டியவரை அவர் ஒரு வாளியில் எடுத்துச் சென்றார்.

அந்நாட்களில் அமெரிக்க விமானங்கள் வீசிய துண்டறிக்கையிலிருந்து, விழுந்தது அணுகுண்டு என்பதை அவர் அறிந்தார். அப்போது தம் உள்ளத்தில் எழுந்தவற்றை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அறிவியலாளன் என்ற முறையில் அணுவின் ஆற்றலை மனிதன் விடுவித்துவிட்டான் என்ற வியப்பு. சப்பானியன் என்ற முறையில் தாங்கொணாத் துயரம். இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் எழுந்தன. அவ்வாண்டு கல்லூரிக்கு எழுதிய மருத்துவ அறிக்கையின் முடிவில், இதே ஆற்றலை மனித வாழ்வின் நலனுக்குத் திருப்பினால் துன்பமே பேறாக மாறும், மாண்டவர்களின் ஆன்மாக்களும் ஆறுதல் பெறும் என்று எழுதினார். வேறு யார் எழுதியிருந்தாலும் நாம் கசப்போடு மூடி வைத்திருப்போம். இவருக்கு எழுத உரிமை இருந்தது.

உரிமை இருந்தது என்பதால் சொன்னதெல்லாம் சரியாகிவிடுமா? நகாய் மட்டில் நமக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும் முழுவதும் ஒப்ப இயலவில்லை. 1945 நவம்பர் 23-இல் இடிந்த ஆலயத்தின் முன் நடந்த இரங்கல் திருப்பலியில், இறந்தோரை மாசற்ற பலிப்பொருளாக அவர் வர்ணித்தார். தகப்பனையும் தாயையும் இழந்து நின்றவர்களுக்கு அது ஆறுதல் அளித்தது. ஆனால் குண்டை ஆக்கியவர்களும் வீசியவர்களும் போரைத் தொடங்கியவர்களும் அவ்வார்த்தையின் நிழலில் மறைந்துகொள்ளக்கூடும் என்று நாகசாகி அறிஞர் சிலர் பிற்காலத்தில் குறை கூறினர். 1981 பெப்ருவரியில் ஹிரோஷிமாவுக்கு வந்த பாப்பிறை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், போர் மனிதனின் செயலே என்று தெளிவாக அறிவித்தார். மறுநாள் நாகசாகியில் கொட்டும் பனியில் அவர் திருப்பலி நிறைவேற்றினார். குண்டின் பொறுப்பு வானத்தின்மேல் அன்று, மனிதர்மேல் என்பது அன்று பலருடைய நெஞ்சின் சுமையை இறக்கியதாகச் சொல்கிறார்கள்.

அணு ஆற்றலை நலனுக்குத் திருப்பும் நகாயின் கனவு நம் நாட்டில் எவ்வாறு நடந்தேறியது? பம்பாயை அடுத்த துராம்பேயில் கனடா நாட்டின் உதவியால் ‘சைரஸ்’ எனும் அணு உலை அமைந்தது. அமைதிப் பணிக்கே என்பது வாக்குறுதி. 1960-இல் இயங்கத் தொடங்கிய அவ்வுலையிலிருந்து மருத்துவமனைகளுக்குக் கதிரியக்கப் பொருள்கள் சென்றன, நோயுற்றோர் பயனடைந்தனர். 1974-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் பொக்கரானில் வெடித்த குண்டுக்குப் புளூட்டோனியம் தந்ததும் அதே உலை. ஒரே அடுப்பில் கஞ்சியும் வெந்தது, நஞ்சும் வெந்தது. 2010-இன் இறுதியில் அவ்வுலை மூடப்பட்டது.

திருச்சபை என்ன சொல்லுகிறது என்று கேட்பீர்கள். அணு ஆற்றலை அமைதிக்குப் பயன்படுத்த 1957-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு முகமையில் வத்திக்கான் தொடக்கமுதலே உறுப்பினர். எனினும், 2011 மார்ச் 11-இல் கடற்கோளும் ஃபுக்குஷிமா உலை விபத்தும் நேர்ந்தபின், அவ்வாண்டு நவம்பரில் சப்பானிய ஆயர்கள் அணு மின் நிலையங்களை உடனே மூட வேண்டுமென அறிக்கை விடுத்தனர். 2019 நவம்பரில் கொட்டும் மழையில் நாகசாகி வந்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று மாலை ஹிரோஷிமாவில், அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதே ஒழுக்கக்கேடு என்று உரைத்தார். உலைகளைப் பற்றி, முழுப் பாதுகாப்பு உறுதிப்படும்வரை தாம் அவற்றைப் பயன்படுத்தமாட்டார் எனத் திரும்பும் விமானத்தில் தமது சொந்தக் கருத்தாகக் கூறினார். ஆயுதத்தில் ஐயமில்லை. உலையில் எச்சரிக்கை இருக்கிறது. ஒரே சொல்லில் தீர்ப்பில்லை. திண்ணையில் நாம் திணறியதற்கு இது ஓரளவு சமாதானமாயிருக்கலாம். ஆனால் நாம் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

நியோக்கோதோவின் வாசலில் நின்றபோது நமக்குப் பட்டது இதுதான். நாம் இத்தனை நாளும் தராசின் ஒரு தட்டில் நன்மையையும் மறு தட்டில் தீமையையும் வைத்து எது கனம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தராசைப் பிடித்திருப்பவர் யார், தீமையின் தட்டு யார் வீட்டு முற்றத்தில் இறங்குகிறது என்று பார்க்கவில்லை. மீனவரின் மனைவிக்கு வைத்த கதிரில் ஆபத்தும் அவளுக்கே, பயனும் அவளுக்கே. கேட்டு, அழுது, சம்மதித்த பின்பே வைத்தார்கள். நகாய் மேலும் ஒரு படி ஏறினார். பயன் நோயாளிக்கு, ஆபத்து பெரும்பாலும் தமக்கு. குண்டு இதற்கு நேர்மாறு. வீசியவன் திரும்பிப் பறந்துவிட்டான். கூடங்குளத்தின் வெளிச்சம் தொலைதூர நகரங்களிலும் எரிகிறது. அச்சம் மட்டும் அக்கடற்கரைக் குடிசைகளில் தங்குகிறது. உலை வேண்டவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் அறையில் மின்விசிறி சுழல்கிறது. நாம் அப்படிச் சொல்லத் தகுதியுடையவர்கள் அல்லோம். ஆனால் பெரியவரைப் போன்றவர்களிடம், முடிவெடுக்குமுன், முகத்துக்கு நேரே நின்று கேட்டிருக்க வேண்டும். கேளாமல் கொடுக்கப்பட்ட நன்மையை அவர்கள் ஐயுறுவதில் அறியாமை இல்லை. இதனை அன்றைய மறையுரையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நண்பகலில் ஆலயத்திலிருந்து மூவேளைச் செபத்தின் மணியோசை எழுந்தது. இரண்டு மணிகளுள் ஒன்று குண்டில் நொறுங்கிவிட்டது. மற்றதை இடிபாடுகளிலிருந்து தோண்டியெடுத்து, 1945-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், மரக்கட்டைகளில் தொங்கவிட்டு அடித்தார்கள். எண்பது ஆண்டுகள் ஒரு கோபுரத்தில் மணியின்றியே ஆலயம் நின்றது. குண்டு செய்யும் திட்டத்தில் மருத்துவராய் இருந்த ஒருவரின் பேரர், அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியர். அவர் தம் நாட்டுக் கத்தோலிக்கரிடம் காணிக்கை திரட்டிப் புதிய மணி ஒன்றை வார்ப்பித்து அளித்தார். 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் பதினொன்று இரண்டுக்கு, எண்பது ஆண்டுகளுக்குப்பின் முதன்முறையாக, இரு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. மணி வார்ப்பதும் உலோகத்தை உருக்கும் தொழில்தான்.

ஊர் திரும்பிய பின், பழைய பங்கிற்குச் சென்று பெரியவரைப் பார்த்தோம். அம்மையார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியில் அமர்ந்தார். பெரியவர் வலை பொத்திக்கொண்டே நாம் சொன்னதையெல்லாம் கேட்டார். குடிலையும் மருத்துவரையும் பற்றிச் சொல்லி முடித்ததும் ஊசியை நிறுத்தினார்.

“அந்த டாக்டருக்கு, நோவு தனக்கு வரும்னு முன்னமே தெரியுமா சாமி?”

“தெரியும்” என்றோம்.

“தெரிஞ்சுதான் நின்னாரா?”

“ஆம்.”

அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அன்றைய நாளில் திண்ணையில் நாம் சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னோம்; மன்னிப்பும் கேட்டோம். “அதை விடுங்க சாமி” என்றார். அம்மையாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஊசியில் மறுபடியும் நூல் கோத்தார். அந்த ஊர்க்காரர்களும் கடலுக்குப் போகிறவர்கள்தாமா, அங்கே என்ன மீன் படுகிறது என்று கேட்டார். அதற்கு நமக்கு விடை தெரியவில்லை.